ஹூக் போட வாங்குன பவுலிங் பால்: அஞ்சு மாசம் உருட்டுனதுக்கு அப்புறம்

முதல்லயே சொல்லிடுறேன், பால் நல்ல பால் தான். ஆனா அது நல்ல பால்னு என் கட்டைவிரலுக்கு தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு, இந்த ரிவ்யூல பாதிக்கு மேல அந்த ரெண்டு மாசக் கதை தான், அவசரமா இருக்குறவங்க நேரா கடைசிக்கு போயிடலாம். பவுலிங்னதும் கிரிக்கெட்னு நெனச்சு உள்ள வந்தவங்க யாராவது இருந்தா, இது பத்து பின்ன நிக்க வெச்சு உருட்டி விடுற பவுலிங்ங்க. இருந்தாலும் ஓடிடாதீங்க, கிரிக்கெட்டும் நடுவுல வரும், ஏன்னா என் பிரச்சனையே அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது.

வாங்குனது என்னன்னா, என்ட்ரி லெவல் ரியாக்டிவ் ரெசின் பால், மேல் ஓடு பேர்ல் வகை, பளபளன்னு பாலிஷ் போட்டு வரும், 14 பவுண்டு, ஃபிங்கர்டிப் கிரிப்ல ட்ரில் பண்ணது. கம்பெனி பேரு சொல்லப்போறதில்ல, மறைக்கணும்னு இல்ல, ஸ்டார்ம்ல ட்ராபிக்கல் சர்ஜ், பிரன்ஸ்விக்ல ரைனோன்னு ஆரம்பிச்சு எல்லா கம்பெனிக்கும் இந்த ரகத்துல ஒண்ணு இருக்கு, புதுசா ஹூக் கத்துக்குறவன் கையில எது கிடைச்சாலும் வித்தியாசம் தெரியப்போறதில்ல. எனக்கு தெரியல.

மூணு வருஷமா ஹவுஸ் பாலை, அதாவது அங்க எல்லாருக்கும் பொதுவா வெச்சிருக்குற பாலை எடுத்து நேரா உருட்டிட்டு இருந்த ஆளு நான். ஆவரேஜ் 125 பக்கம் இருக்கும், நல்ல நாள்ல 150. அது போதும்னு தான் இருந்தேன், ஒரு நாள் பக்கத்து லேன்ல ஒருத்தர் போட்டாரு, பந்து லேனோட வலது பக்க பள்ளத்து ஓரமாவே போய்ட்டு இருக்கு, போச்சு விழப்போகுதுன்னு நான் நெனச்ச நேரத்துல ஏதோ ஞாபகம் வந்த மாதிரி அப்படியே இடது பக்கம் திரும்பி பாக்கெட்ல, அதாவது முன்னாடி நிக்குற பின்னுங்களுக்கு நடு சந்துல புகுந்து பத்தும் சிதறுது. அந்த சத்தம் வேற மாதிரி இருக்கும்ங்க, நம்ம நேரா போட்டு விழுற ஸ்ட்ரைக்கோட (ஒரே பந்துல பத்தும் விழுறது) சத்தம் கடகடன்னு இருக்கும், அது ஒரே ஒரு 'டப்'. அன்னைக்கு பிடிச்ச கிறுக்கு இது.

பிளாஸ்டிக் ஹவுஸ் பாலை வெச்சே அதை செய்யலாம்னு நெனச்சு ஒரு மாசம் கையை முறுக்குனேன். வலது கைக்காரனோட ஹூக் வலதுல இருந்து இடது போகும், அதாவது லெக் ஸ்பின் திரும்புற திசை, நான் சின்ன வயசுல டென்னிஸ் பால்ல லெக் ஸ்பின் போட்டவன், அப்போ மணிக்கட்டை திருப்பி விட்டா வந்துடாதான்னு ஒரு தெனாவெட்டு. விட்டேன். பந்து பம்பரமாட்டம் நின்ன எடத்துலயே சுத்திக்கிட்டு சறுக்கிக்கிட்டே நேரா போச்சு. சுத்துது, நல்லா சுத்துது, பாக்குறவங்க கூட ஆஹான்னாங்க, ஆனா ஒரு இன்ச் கூட திரும்பல. பம்பரம் தரையில ஆணி முனையில மட்டும் தானே நிக்கும், அது எப்படி தரையை பிடிச்சு உருளும், இந்த சின்ன விஷயம் எனக்கு புரிய முழங்கை வலி வர வேண்டியிருந்துச்சு. சக்கரம் மாதிரி உருளணும், ஆனா அந்த சக்கரம் போற திசைக்கு கொஞ்சம் சாய்வா பக்கவாட்டுல உருளணும், ஹூக்னா அவ்ளோ தான்.

ஏன் இவ்ளோ பாடு, நேரா போட்டா பின் விழாதான்னு கேட்டா விழும். ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு. ஃபவுல் லைன்ல இருந்து, அதாவது போடும்போது கால் தாண்டக்கூடாத கோட்டுல இருந்து, முதல் பின் வரைக்கும் 60 அடி, லேன் அகலம் 39 போர்டு, ஒவ்வொரு போர்டும் ஒரு இன்ச்சுக்கு கொஞ்சூண்டு கூட. பின்னுங்களுக்கு நம்பர் இருக்கு, முன்னாடி தனியா நிக்குறது 1, அடுத்த வரிசையில இடதுல இருந்து 2, 3, அதுக்குப் பின்னாடி 4, 5, 6, கடைசி வரிசை 7ல இருந்து 10. வலது கைக்காரனுக்கு பாக்கெட்னா 1க்கும் 3க்கும் நடுவுல, வலது ஓரத்துல இருந்து எண்ணுனா பதினேழரையாவது போர்டு. நீங்க லேனோட வலது விளிம்புல இருந்தே நேர்கோட்டுல போட்டாலும் பாக்கெட்டுக்கு போய் சேரும்போது கோணம் ஒன்றரை டிகிரி கூட வராது, வேணும்னா பேப்பர்ல போட்டு பாருங்க நான் போட்டு பாத்துட்டேன். ஸ்ட்ரைக்குக்கு ஏத்ததுன்னு எல்லாரும் சொல்ற என்ட்ரி ஆங்கிள் 6 டிகிரி பக்கம். ஆக நேர்கோட்டுல போறவன் அந்த கோணத்தை தொடவே முடியாது, வழியில எங்கயாவது வளைஞ்சா தான் உண்டு. வளைஞ்சு உள்ள வந்த பந்து பத்து பின்னையும் தொடுறதில்ல, 1, 3, 5, 9 நாலே நாலு தான், மிச்சத்தை பின்னுங்களே ஒண்ணையொண்ணு தள்ளி விட்டுக்கும், ஒண்ணாவது பின் போய் 2, 4, 7 வரிசையை சாய்க்கும், மூணாவது 6ஐயும் 10ஐயும், அஞ்சாவது எட்டை. கேரம்ல ஒரு காயை அடிச்சு இன்னொரு காயை உள்ள தள்ளுவோமே, அந்த மாதிரி. நேரா வந்து மோதுற பந்து என்னாகும்னா ஒண்ணாவது பின்ல பட்டதுமே வலது பக்கம் ஒதுங்கிடும், அஞ்சாவது பின் சும்மா நின்னு உங்களை வேடிக்கை பாக்கும். இடது கைக்காரங்க இதையெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி மாத்திக்கோங்க.

இப்போ பாலுக்கு வரேன். ஹவுஸ் பால் எல்லாம் பிளாஸ்டிக், அதாவது பாலியெஸ்டர், வழுவழுன்னு இருக்கும், லேன்ல எண்ணெய் இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு அது பாட்டுக்கு போகும். 80கள்ல யூரித்தேன் வந்துச்சு, 90கள் ஆரம்பத்துல ரியாக்டிவ் ரெசின் வந்துச்சு, அதுக்கப்புறம் தான் இன்னைக்கு நம்ம பாக்குற இந்த பெரிய வளைவெல்லாம். ரியாக்டிவ் ஓட்டுல கண்ணுக்கு தெரியாத துவாரங்க இருக்கு, எண்ணெயை உறிஞ்சும், காஞ்ச மரத்துல நல்லா பிடிக்கும். பிடிக்க காஞ்ச எடம் வேணுமே, அது கடைசியில தான் இருக்கு. சாதாரண ஹவுஸ் பேட்டர்ன்ல முதல் 40 அடி பக்கம் எண்ணெய் போட்டிருப்பாங்க, அதுக்கப்புறம் பின் வரைக்கும் காஞ்ச லேன், அந்த 40 அடியிலயும் நடுவுல எண்ணெய் நிறைய, ரெண்டு ஓரத்துலயும் கம்மி. பந்து எண்ணெயில சறுக்கிட்டு போகும், எண்ணெய் முடியுற எடத்துல கால் ஊனி திரும்பும், அப்புறம் உருளும். என் பால் பேர்ல்ங்கறதால சறுக்குற தூரம் ஜாஸ்தி, திரும்புறது கடைசியில வெடுக்குன்னு இருக்கும். முதல் தடவை அது திரும்புனப்ப எனக்கே பயமாயிடுச்சு, நான் போட்டது தானான்னு.

சரி கட்டைவிரல்.

பவுலிங் பால் பெட்டியில வரும்போது ஓட்டையே இருக்காது, உங்க கையை அளந்து ப்ரோ ஷாப்ல, அதாவது பவுலிங் சாமான் கடையில துளை போடணும், நிறைய பேருக்கு இது தெரியாது. ஹவுஸ் பால்ல நடுவிரலும் மோதிர விரலும் ரெண்டாவது மூட்டு வரைக்கும் உள்ள போகும். ஃபிங்கர்டிப்ல முதல் மூட்டு வரைக்கும் தான், ரப்பர் இன்சர்ட் வெச்சு கொடுப்பாங்க, கட்டைவிரல் மட்டும் முழுசா. ஏன்னா கட்டைவிரல் முதல்ல வெளிய வரணும், அதுக்கப்புறம் ஒரு கண நேரம் பந்து அந்த ரெண்டு விரல் நுனியில மட்டும் இருக்கணும், அந்த கண நேரத்துல தான் சுத்தே ஏறுது. கட்டைவிரல் ஓட்டை சரியில்லைன்னா நீங்க எவ்ளோ பெரிய பாலை வாங்கி என்ன.

முதல்ல ட்ரில் பண்ணவரு ஒரு அஞ்சு நிமிஷம் அளந்தாரு, ஃபோன் பேசிக்கிட்டே. கையில எடுத்து பாத்தப்பவே விரலு விரிஞ்சு இழுத்துப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு, "அண்ணே கொஞ்சம் இழுக்குதுண்ணே"ன்னேன், "புதுசுல அப்படித்தான் இருக்கும் தம்பி, பழகிடும்"னாரு. நானும் செருப்பு கடிக்குற மாதிரி நாலு நாள்ல சரியாயிடும்னு எடுத்துட்டு வந்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் மூணாவது ஃபிரேம்ல (ஒரு கேம்ல பத்து சுற்று, ஒவ்வொண்ணும் ஒரு ஃபிரேம்) கட்டைவிரல் வெளிய வரல. பந்து கையோடவே மேல போய், அங்க இருந்து லேன்ல 'தொம்'னு விழுந்து, நாலு லேன் தள்ளி இருந்தவங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. கவுண்டர்ல இருந்தவரு பாத்த பார்வையை நான் இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் மனசு என்ன பண்ணும், மாட்டிக்குமோன்னு பயந்து சீக்கிரமா விட ஆரம்பிக்கும். சீக்கிரமா விட்டா கால்கிட்ட விழுந்து சுத்தே இல்லாம போகும். சரின்னு இறுக்கி பிடிச்சா மறுபடியும் மாட்டும். இதே வட்டத்துல ரெண்டு மாசம். கட்டைவிரல் அடியில ஒரு பக்கம் தோல் உரிஞ்சு, காஞ்சு, மறுபடி உரிஞ்சு, கடைசியில காப்பு காய்ச்சு போச்சு. ஆவரேஜ் 98க்கு இறங்கிடுச்சு, நேரா போட்டுட்டு இருந்தப்பவே நல்லா இருந்தேனேன்னு வீட்ல ஒரே புலம்பல். நான் நெனச்சது எல்லாம் என் ரிலீஸ் தப்பு, வீடியோ இன்னும் பாக்கணும், இன்னும் பயிற்சி பண்ணணும். ஓட்டை தப்பா இருக்கும்னு ஒரு தடவை கூட தோணல, சும்மா சொல்லல, ஒரு தடவை கூட.

லேன்ல பழக்கமான ஒரு அண்ணன் தான் வேற ஒரு ட்ரில்லர்கிட்ட போகச் சொன்னாரு. போனா அந்த மனுஷன் பாலை கேக்கல, கையை காட்டுங்கன்னாரு. கட்டைவிரலை திருப்பித் திருப்பி பாத்துட்டு, காப்பு காய்ச்ச எடத்தை தன் விரலால அமுக்கி, "இங்க வலிக்குதுல்ல?"ன்னாரு. அப்புறம் தான் பாலை வாங்கி, கட்டைவிரலை முழுசா உள்ள விடச் சொல்லி, மத்த ரெண்டு விரலையும் ஓட்டை மேல சும்மா படுக்க வைக்கச் சொன்னாரு, முதல் மூட்டோட மடிப்பு ஓட்டையோட உள் விளிம்பை கொஞ்சம் தாண்டி நிக்கணுமாம். என்னுது விளிம்புக்கே வரல. "இத்தனை நாள் நீங்க பாலை தூக்கல சார், தொங்கிட்டு இருந்தீங்க"ன்னாரு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு ஆத்திரமும் வந்துச்சு.

கட்டைவிரல் ஓட்டையை அடைச்சு, அது இறுகுற வரைக்கும் ஒரு நாள் விட்டு, மறுநாள் புதுசா போட்டு கொடுத்தாரு. போட்ட உடனே கொடுத்துடல, கவனிங்க இதை. ஓட்டை விளிம்பை சின்ன சாண்ட் பேப்பர் சுருளால தேய்ப்பாரு, விரலை விடச் சொல்வாரு, கையை தொங்க விட்டு ஆட்டச் சொல்வாரு, மறுபடி தேய்ப்பாரு. ஏழெட்டு தடவை இருக்கும். கடைசி தடவை கையை தொங்க விட்டப்ப விரல் எதையும் பிடிக்கல, ஆனா பால் விழவும் இல்ல, அது பாட்டுக்கு கையில இருந்துச்சு. 14 பவுண்டு பால் முன்ன தூக்குன 12 பவுண்டு ஹவுஸ் பாலை விட லேசா தெரிஞ்சுது. சும்மா கதை விடலங்க, பிடிச்சு நசுக்குறதுக்கு செலவாகுற பலம் மிச்சமாகுதுல்ல, அதான்.

இன்னொண்ணும் சொல்லி அனுப்புனாரு, விரல் ஒரே சைஸ்ல இருக்காது, விளையாட விளையாட வீங்கும், சில நாள் இளைக்கும், அதனால ஓட்டையை கொஞ்சம் பெருசா போட்டு உள்ள டேப் ஒட்டிக்கோங்க, வீங்குனா ஒண்ணு உரிச்சுடுங்க, இளைச்சா ஒண்ணு ஒட்டுங்கன்னு. இந்த டேப் விஷயம் முதல் கடையில எனக்கு யாருமே சொல்லல. இப்போ என் பேக்ல டேப் இல்லாம வெளிய கெளம்புறதே இல்ல.

சரியான ஓட்டை கிடைச்சதும் ஹூக் தானா வந்துச்சான்னு கேட்டா, வரல, ஆனா கத்துக்க முடிஞ்சுது. அதுவரைக்கும் கத்துக்கவே முடியாம இருந்துச்சு. எனக்கு வேலை செஞ்சது ஃபவுல் லைன்லயே நின்னு நடக்காம போடுறது. பின்னைப் பத்தி கவலையே படாம, கையை ஊஞ்சல் மாதிரி பின்னாடி விட்டு முன்னாடி வர விட்டு, கணுக்கால் பக்கம் வரும்போது விடு, அவ்ளோ தான். கை பந்துக்கு பின்னாடியும் அடியிலயும் இருக்கணும், தண்ணி வாளியை பக்கத்துல தூக்கிட்டு போவோமே அந்த மாதிரி கொஞ்சம் பக்கவாட்டுல வந்து, கடைசியில எதிர்ல நிக்குறவருக்கு கை குடுக்குற மாதிரி முன்னாடி நீளணும். மணிக்கட்டை திருப்பவே கூடாது. திருப்பணும்னு நெனச்சாலே போச்சு, கை மேல ஏறி மூடிக்கும், மறுபடி பம்பரம். கட்டைவிரலை கடிகாரத்துல 10 மணி பக்கம் வெச்சுக்கோன்னு சொல்வாங்க, எனக்கு அதை விட வாளி தான் புரிஞ்சுது. நான் செஞ்ச தப்பெல்லாம் கூடுதலா எதையாவது செஞ்சது தான், இழுக்குறது, முறுக்குறது, வேகமா எறியுறது. ஒவ்வொண்ணா விட விட பந்து திரும்ப ஆரம்பிச்சுது. ஒரு நாள் ரொம்ப களைப்பா இருந்தேன், ஆபீஸ்ல நாள் முழுக்க அலைச்சல், கையில தெம்பே இல்லாம சும்மா விட்டேன், அன்னைக்கு தான் முதல் ஒழுங்கான ஹூக். பந்து ஓரமா போய், நின்னு யோசிச்சு, திரும்பி, அந்த ஒரே 'டப்'. கத்திட்டேன். பக்கத்து லேன்ல ஒரு பொண்ணு "என்ன அங்கிள் ஆச்சு"ன்னுச்சு. அங்கிள்னு சொன்னதை கூட மன்னிச்சுட்டேன்.

குறி பாக்குறதும் மாறும். பின்னைப் பாக்காதீங்க, லேன்ல 15 அடி பக்கத்துல அம்புக்குறிங்க இருக்குல்ல மொத்தம் 7, வலதுல இருந்து ரெண்டாவது அம்பு பத்தாவது போர்டு, அதைப் பாத்து அது மேல உருட்டுங்க. பந்து தப்பிச்சா எந்தப் பக்கம் தப்பிச்சுதோ அந்தப் பக்கமே நீங்க நகரணும். ரொம்ப இடது போயிடுச்சா, நிக்குற எடத்தை இடது பக்கம் ரெண்டு போர்டு தள்ளுங்க. கேக்க தலைகீழா இருக்கும், எனக்கு ஒரு மாசம் எதிர் பக்கம் தான் கால் போச்சு. ஆட்டம் போகப் போக எல்லாரோட பந்தும் எண்ணெயை துடைச்சு எடுத்துட்டு போகும், அதனால முதல் கேம்ல சரியா போன அதே பந்து மூணாவது கேம்ல சீக்கிரமே திரும்பி ஒண்ணாவது பின்னோட மூக்கு மேலயே மோதும், நீங்க எதுவும் மாத்திருக்க மாட்டீங்க, லேன் மாறியிருக்கும். நேரா போடுறவனுக்கு இந்த தலைவலி எதுவும் கிடையாது, அதையும் சொல்லணும்ல.

இப்போ பாலோட குறைங்க. புது எண்ணெய் போட்ட உடனே முதல் ஆளா போனீங்கன்னா இந்த பேர்ல் பாலிஷ் பால் திரும்பாது, பின் வரைக்கும் வழுக்கிட்டே போகும், ஒரு கேம் முடிஞ்சு லேன் கொஞ்சம் காஞ்சா தான் வேலை செய்யும். 2000 நம்பர் தேய்ப்பு பேட்ல லேசா தேய்ச்சதும் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா அழகான பளபளப்பு போயிடுச்சு, வாங்குனப்ப இருந்த நட்சத்திர ராத்திரி மாதிரி கலர் இப்போ மங்குன கண்ணாடி மாதிரி இருக்கு. அடுத்தது எண்ணெய் உறிஞ்சல். ஒவ்வொரு தடவையும் துணியால துடைக்கணும், முடிஞ்சதும் க்ளீனர் போட்டு துடைக்கணும், நான் ஆரம்பத்துல சோம்பேறித்தனம் பண்ணேன், 50 கேம் பக்கம் ஆனதும் ஹூக் பாதியாயிடுச்சு. மறுபடி என் ரிலீஸ் தான்னு நெனச்சேன், பழைய புத்தி. அப்புறம் ஓட்டைங்களை டேப் போட்டு மூடி, கை பொறுக்குற சூட்டுல தண்ணி எடுத்து, பாத்திரம் கழுவுற சோப் நாலு சொட்டு விட்டு பாலை ஊற வெச்சேன். இருபது நிமிஷம் கழிச்சு எடுத்து பாத்தா உடம்பெல்லாம் வேர்த்த மாதிரி எண்ணெய் முத்து முத்தா நிக்குது. துடைக்க துடைக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. ஊற வெச்சதுக்கு அப்புறம் பழைய பிடிப்பு கிட்டத்தட்ட வந்துடுச்சு. கொதிக்குற தண்ணி ஊத்திடாதீங்க, வெயில்ல நிக்குற காருக்குள்ளயும் விட்டுடாதீங்க, ஓடு விரிசல் விடும்.

பெரிய குறை பாலோடது இல்ல, ஹூக்கோடது. பத்தாவது பின். வலது மூலையில தனியா நிக்கும், ஹூக் பால் அதுகிட்ட போய்ட்டு கடைசி நேரத்துல முகத்தை திருப்பிக்கிட்டு இடது பக்கம் வந்துடும். அதுவும் இந்த பின் தான் அதிகமா நிக்கும், நல்லா போட்ட பந்துலயே ஆறாவது பின் அதோட கழுத்தை சுத்திக்கிட்டு போயிடும், ஒன்பது விழுந்து இது மட்டும் நிக்கும். நேரா போடுற காலத்துல இதை கண்ணை மூடிட்டு அடிச்சவன் நான். ஸ்கோர் கணக்கை ஒரு தடவை போட்டு பாருங்க, ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லாம, பத்து ஃபிரேமும் 9 விழுந்து மிச்சம் ஒண்ணை ரெண்டாவது பந்துல அடிச்சு ஸ்பேர் எடுத்து (ஸ்பேர் எடுத்தா அடுத்த பந்துல விழுறதும் கூட சேரும்), கடைசி பந்துலயும் 9 எடுத்தா 190. ஹூக் ஹூக்னு நான் அலைஞ்ச மூணு மாசத்துல ஸ்பேரை மட்டும் ஒழுங்கா எடுத்திருந்தா அந்த 98 அப்பவே ஏறியிருக்கும். ஹூக் போடுற ஆளுங்க ஏன் ரெண்டு பால் தூக்கிட்டு வராங்கன்னு இப்போ தான் புரியுது, ஒண்ணு திரும்புறதுக்கு, இன்னொண்ணு திரும்பாம இருக்குறதுக்கு. கொலம்பியா 300 ஒயிட் டாட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பால் போதும் அதுக்கு.

ரெண்டு கையாலயும் போடலாமேன்னு சில பேர் கேப்பீங்க, ஆஸ்திரேலிய பவுலர் ஜேசன் பெல்மான்டி போடுறது பாத்துட்டு. பிபிஏன்ற புரொஃபஷனல் பவுலர்ஸ் சங்கத்தோட மேஜர் டைட்டில் அதிகமா வெச்சிருக்குறவரே அவரு தான், கட்டைவிரலே உள்ள விட மாட்டாரு, சுத்து அள்ளிக்கிட்டு போகும். நானும் ஒரு மதியம் முயற்சி பண்ணேன், என் இடுப்பு ஒத்துக்கல. சின்ன வயசுக்காரங்க தாராளமா போங்க, கட்டைவிரல் பஞ்சாயத்தே இல்ல. ஆனா ட்ரில் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அமெரிக்காவுல பவுலிங் விதி போடுற யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ்ங்கற அமைப்போட விதிப்படி 2020 ஆகஸ்ட்ல இருந்து போட்டியில பிடிக்க பயன்படாத ஓட்டை பால்ல இருக்கக்கூடாது, கட்டைவிரல் ஓட்டை போட்டுட்டு அதை விடாம ஆடுனா சிக்கல். மணிக்கட்டு பட்டையும் ஒண்ணு இரவல் வாங்கி போட்டு பாத்தேன், கை நேரா நிக்குறது நல்லா இருந்துச்சு, கழட்டுனதும் பழையபடி மடங்குது, அதனால எனக்கு வேண்டாம்னு திருப்பி கொடுத்துட்டேன்.

மார்க்குன்னா பாலுக்கு 5க்கு 4, புது எண்ணெயில கைவிட்டதுக்கு ஒண்ணு கழிச்சாச்சு. முதல் ட்ரில்லிங்குக்கு 1, அதுவும் ஓட்டை வட்டமா இருந்ததுக்கு. ரெண்டாவது ட்ரில்லிங்குக்கு 5, இன்னும் கொடுக்க முடிஞ்சா கொடுப்பேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஃப்ரெண்ட்ஸோட போறவங்க இதெல்லாம் வாங்காதீங்க, ஹவுஸ் பால்ல நேரா போடுங்க சந்தோஷமா இருங்க. வாரம் ஒரு தடவையாவது போறவங்க வாங்கலாம், பால்ல எது நல்லதுன்னு ராத்திரி முழுக்க வீடியோ பாக்குற நேரத்துல பாதியை உங்க பக்கத்துல யாரு நல்லா ட்ரில் பண்றாங்கன்னு விசாரிக்க செலவு பண்ணுங்க, புது பாலை எடுத்துக்கிட்டு நாலு ஃபிரேம் போட்டுட்டு திரும்பி வந்து காட்டலாமான்னு கேளுங்க, "எதுக்கு, பழகிடும்"னு பதில் வந்தா பெட்டியை திறக்காம எடுத்துட்டு வந்துடுங்க.

என் ஆவரேஜ் இப்போ 148. பத்தாவது பின்னுக்குன்னு பிளாஸ்டிக் பால் ஒண்ணு வாங்கி அதே ரெண்டாவது ஆள்கிட்ட கொடுத்திருக்கேன், வெள்ளிக்கிழமை வந்து விரலை விட்டு பாருங்கன்னு சொல்லியிருக்காரு. டேப் எடுத்து வெச்சுட்டேன்.